முன்னேற்பாட்டுக்காரர் வளாகம் திறக்கிறார்

மனிதர்களில் முன்னேற்பாட்டுக்காரர் என்று ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருந்திருக்க முடியாது. சாயங்கால ரயிலுக்குக் காலையிலேயே வந்து, சட்டைப் பையில் டிக்கெட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்ததும் முகம் வாடி, சற்று நேரம் கழித்து மறுபடியும் நம்பிக்கையோடு தொட்டுப் பார்ப்பாரே, அவரேதான். கல்யாண வீட்டில் மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டு, பந்தலுக்கு மேல் இன்னொரு பந்தல் போடச் சொல்லி, இரண்டு பந்தலின் பாரத்தில் மூங்கில் முறிந்தால் என்ன செய்வது என்று மறுபடியும் கேட்டு, மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிற நேரத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார். இவர் சோம்பேறி இல்லை. கெட்டவரும் இல்லை. ஒரு காரியம் நல்லபடியாக நடக்கவேண்டும் என்று இவரைப்போல ஆசைப்படுகிறவர் ஊரில் யாரும் கிடையாது. ஆனால் காரியம் நடக்கிற நாள் நெருங்கினால் மட்டும் அதைத் தள்ளிப்போட வழி தேடுவார். ஏன் தெரியுமா? காரியம் ஆரம்பித்துவிட்டால் ஏற்பாடு முடிந்துபோகிறதே! அப்புறம் இவருக்கு என்ன வேலை?

இந்த ரகத்தில் நன்றாக விளைந்த ஒருவரைப் பார்க்கவேண்டுமானால் ஏற்காட்டுக்கு வாருங்கள். அங்கே ஒரு துரை, சீமைக்குத் திரும்பிப் போகிறபோது, தம் காபி எஸ்டேட்டை ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனார். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். கேட்டால் போய்ப் பார்ப்பீர்கள், போனால் அங்கே ஏதாவது ஏற்பாட்டில் மாட்டிக்கொள்வீர்கள். பங்களா வகுப்பறை ஆயிற்று. காபிக்கொட்டை காயவைத்த களத்தில் மாணவர்கள் பந்தாடினார்கள். கிடங்கு கிடங்காகவே நின்றது. கிடங்கில் இருந்த மருந்து அடிக்கிற பம்புகளோடு, எஸ்டேட் ரைட்டராக இருந்து ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த தேவசிகாமணியும் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். வளாக மேற்பார்வையாளர் என்று புதுப் பதவி. ஊர் மட்டும் ரைட்டரய்யா என்றே கூப்பிட்டது. அவரும் மாறவில்லை. பேராசிரியர்களைக் கண்டால் கைகூப்பி வணக்கம் சொல்லுவார், ஆனால் மனசுக்குள் அவர்களுக்கு ஆளுக்கொரு வரிசைச் செடியைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

எண்பத்தொன்றாம் வருஷம் அந்தக் கண் நோய் வந்தது. தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்த நோய் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நம் பக்கத்தில் மட்டும் அதற்கு மெட்ராஸ் ஐ என்று பெயர், மெட்ராஸ்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ! சேலத்தில் பஸ் ஏறிய நோய் அடிவாரத்தில் டீ குடிக்கக்கூட இறங்காமல், கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு தரமும் வாந்தி எடுக்காமல், நேராக மேலே வந்து விடுதி வாசலில் இறங்கியது. ஒரே வாரத்தில் விடுதி முழுக்கச் சிவந்த கண்கள். வளாகத்தை மூடிவிட்டார்கள். மாணவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

மூடியது சரி. திறக்கவேண்டுமே? கடைசி வருஷத்துத் தாவரவியல் மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர், நோயெல்லாம் அடங்கி வருகிற சமயத்தில், ஒரு திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அன்று வளாகம் திறந்திருந்தால் தேர்வு. திறக்காவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மாணவர்களில் ஒருத்தி லூர்துசெல்வி, ரைட்டரின் ஒரே மகள். திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் சொல்லுகிற வேலை அவளுக்காகக் காத்திருந்தது. தேர்வை முடித்துக்கொண்டு வந்தால் உனக்கு, இல்லையென்றால் வேறு ஆளுக்கு என்று அந்தக் கல்லூரியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். தலைமுறையாகக் காபிப் பழம் பறித்த குடும்பத்தில், கல்லூரிக்குள் சாக்கட்டியைக் கையில் பிடிக்கப்போகிற முதல் ஆள் அவள்.  ரைட்டர் சந்தோஷம் தாங்காமல் மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். ஏற்றிவிட்டு, திரைச்சீலையில் தீப்பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று, வர்த்தி உருகி அணைகிறவரைக்கும் ஒரு வாளித் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றார்.

வளாகத்துக்குப் பொறுப்பு டைரக்டர் தேவகுமாரி அம்மாள். அவர் ரைட்டரைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான்.

"திங்கக்கிழமை காலைல சுகாதார அதிகாரி வந்து பார்ப்பாரு. அவரு சரின்னு சொன்னா திறந்துரலாம். நீங்க எல்லாத்தையும் பெருக்கி, நல்லாக் கழுவி வையுங்க, போதும்."

பெருக்குவதா! கழுவுவதா! எந்த வீட்டிலும் எந்தப் பெண்பிள்ளையும் செய்கிற வேலையை அல்லவா இந்த அம்மாள் சொல்கிறார்? ரைட்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"பெருக்குறது கெடக்குதுங்கம்மா. மொதல்ல ஒரு குழு போடோணும்."

"குழு எதுக்கு?"

"குழு இல்லாமத் தெறந்து ஏதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, குத்தம் யாரு மேலன்னு தெரியாமப் போயிருமுங்களே."

அம்மாள் யோசித்துப் பார்த்தார். குழு இல்லாவிட்டால் குற்றம் தம் மேல்தான் என்று உடனே தெரிந்தது. ஆகவே வளாகப் பாதுகாப்பு மறுதிறப்பு முன்னேற்பாட்டுக் குழு பிறந்தது. அதற்குத் தலைவர் தேவசிகாமணி. உறுப்பினர்கள் யார் என்று நீங்கள் கவலைப்படவேண்டாம், அவர்களும் கவலைப்படவில்லை.

குழு கூடியது. நோய் எப்படிப் பரவுகிறது? கையால் பரவும், துண்டால் பரவும், கண்ணைத் தொட்டால் கையைக் கழுவுங்கள் என்று ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டியிருந்தார்கள். ரைட்டர் அதைப் படித்தார். படித்தாரே ஒழிய மனசு ஒப்பவில்லை. கை கழுவினால் போதும் என்றால் அதில் ஏற்பாட்டுக்கு எங்கே இடம் இருக்கிறது? கடைவீதியில் பேசிக்கொண்டதுதான் அவருக்குப் பிடித்தது. நோய்க் கண்ணை நல்ல கண் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும்! இது எவ்வளவு விசாலமான கருத்து! ஆகவே, வளாகம் திறந்தபிறகு யாரும் யாரையும் பார்க்கக் கூடாது என்று முதல் விதி எழுதப்பட்டது.

"வாத்தியாருங்க பிள்ளைங்களப் பாக்காம, கரும்பலகையப் பாத்துத்தானுங்க பாடம் நடத்தோணும்" என்றார் ரைட்டர்.

"இப்பவும் அப்படித்தானே நடத்துறாங்க" என்றார் டைரக்டர் அம்மாள்.

பார்க்காமல் இருக்க ஒரே வழி கறுப்புக் கண்ணாடி. ரைட்டர் கடைவீதிக்குப் போய் உசேன் பாய் கடையில் நின்றார். சுற்றுலாக்காரர்களுக்குக் குல்லாயும் கம்பளிச் சட்டையும் விற்கிற உசேனிடம் கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. ஐப்பசி மாதம், ஏரியே எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்க்கவேண்டிய பனிமூட்டம். உசேன் நல்ல மனிதர். விற்கிற சரக்காக இருந்தாலும் உள்ளதைச் சொல்லிவிட்டார்.

"ரைட்டரய்யா, இந்தப் பனியில இதைப் போட்டுக்கிட்டு நடந்தா, எதுக்க வர்ற லாரிகூடத் தெரியாதுங்களே."

"அதுக்குத்தானுங்க பாய் வாங்குறது. லாரியே தெரியலீன்னா கண்ணு எப்புடித் தெரியும்?"

உசேன் கண்ணாடிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தபடியாக ஒரு சிக்கல். யாருக்கு நோய் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கண்ணைப் பார்த்தாகவேண்டும். பார்த்தால் ஒட்டிக்கொள்ளும். நீங்களும் நானுமாக இருந்தால் மலைத்து உட்கார்ந்திருப்போம். ரைட்டர் வீட்டுக்குப் போய்த் தம் சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். சோதனைக்கு வருகிறவருக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்து, அதில் தெரிகிற கண்ணைப் பார்ப்பது. கண்ணாடியில் விழுவது கண் இல்லை, கண்ணின் நிழல். நிழலிலிருந்து யாருக்காவது நோய் ஒட்டியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? கேள்விப்பட்டதில்லை என்று குழு ஒப்புக்கொண்டது.

பங்களாக் கூடத்தில் தானம் கொடுத்த துரையின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. எந்த மூலையில் நின்றாலும் துரை நம்மையே பார்ப்பதுபோல எழுதிய படம். இது விதிக்கு விரோதம் அல்லவா? சின்னன் என்கிற தோட்ட வேலைக்காரர் ஏணி வைத்து ஏறி, துரைக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டார். துரை பாவம், சீமையில் அப்போது சௌக்கியமாக இருந்திருப்பார்.

பாதை விதி ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். போகிற பாதையில் வரக் கூடாது, வருகிற பாதையில் போகக் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவில் இருந்ததே ஒரு பாதை. அதைப் போகிற பாதை ஆக்கிவிட்டதால், திரும்பி வருகிறவர் வகுப்புக்குப் பின்னால் காபிச் செடிகளுக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, தார் ரோட்டைப் பிடித்து, ஏரியைச் சுற்றிக்கொண்டு கடைவீதி வழியாக ஏறி வரவேண்டும். மறந்துபோன பேனாவை எடுக்கத் திரும்பினவர் மத்தியானச் சோற்றுக்குத்தான் வந்துசேர முடியும். இதை ஒரு விரிவுரையாளர் பணிவாக எடுத்துச் சொன்னார். நடந்தால் உடம்புக்கு நொம்ப நல்லதுங்க என்று ரைட்டர் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

அப்புறம் தனி அறை. கிடங்கில் ஒரு பக்கத்தைத் தடுத்து, கட்டில் போட்டு, போர்வை விரித்து, சின்ன ஜன்னலுக்குப் பக்கத்தில் நீளக் காம்பு வைத்த அகப்பை ஒன்றையும் சாத்திவைத்தார். கண் சிவந்தவர் யாராக இருந்தாலும் அங்கே அடைக்கப்படுவார், சோறு அகப்பை வழியாகப் போகும். அந்த அறையின்மேல் ரைட்டருக்குத் தனிப் பாசம். வருகிற போகிற எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். இதில் படுக்க யாருக்குக் கொடுத்துவைத்திருக்கிறதோ என்று ஒரு பெருமூச்சும் விடுவார்.

சனிக்கிழமை ஒத்திகை நடந்தது. ஆசிரியர்களும் அலுவலக ஆட்களும் சமையல்காரர்களும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கினார்கள். தாவரவியல் பேராசிரியர் தடவித் தடவி ஓர் அறைக்குள் நுழைந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, வேரைப் பற்றி மிக உருக்கமாக ஒரு பாடம் நடத்தி முடித்தார். அது சமையல்கட்டு. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரர்கள் மரியாதைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரைக்கும் கேட்டார்கள். டைப் அடிக்கிற ஜெயமேரி வருகிற பாதையில் இறங்கினவர், திண்ணை என்று நினைத்து எதிலேயோ ஏறி உட்கார்ந்துவிட்டார். அது மஞ்சக்குட்டைக்குப் போகிற ஜீப். இருட்டுகிற சமயத்தில் அதே ஜீப்பில் திரும்பி வந்து சேர்ந்தார். ஒத்திகை அபார வெற்றி என்று ரைட்டர் அறிவித்தார். ஒருவரையொருவர் யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதானே?

ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. எல்லாம் தயார். அதுதான் ரைட்டரை வாட்டியது. பூசை முடிந்து வீட்டுக்கு நடக்கையில், எதையோ மறந்துவிட்டோம் என்று மனசு அரித்துக்கொண்டே வந்தது. உங்களுக்கும் எனக்கும் எல்லாம் தயார் என்றால் தூக்கம் வரும், இந்த ரகத்துக்கு இருக்கிற தூக்கமும் போய்விடும். வழியில் ஒரு காபிச் செடி. பழக்கதோஷம், ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். இலையின் அடியில் செந்தூளாகத் துரு நோய் பிடித்திருந்தது. ரைட்டர் அப்படியே நின்றுவிட்டார்.

சிவப்பு! இலையில் வந்தாலும் சிவப்பு, கண்ணில் வந்தாலும் சிவப்பு. செடியில் செந்தூள் வந்தால் மலையில் என்ன செய்வார்கள்? மயில்துத்தம் என்கிற நீல மருந்தைச் சுண்ணாம்போடு கலந்து பம்பால் அடிப்பார்கள். அடுத்த மழைவரைக்கும் அந்தப் பக்கம் நோய் தலைகாட்டாது. வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை, எப்படி மறந்துபோயிற்று? ரைட்டர் சின்னனைக் கூப்பிட்டார். கிடங்கில் மிச்சமிருந்த துத்தம் வெளியே வந்தது. பம்புகள் தோளில் ஏறின.

ரைட்டரின் மனைவி இன்பமேரி வாசலில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க, காபிச் செடிக்கு அடிக்கிற மருந்தை மனுசரு உக்கார்ற பெஞ்சுக்கு அடிப்பாங்களா?"

"பெஞ்சு எதுல பண்ணுனதாம்? அதும் மரந்தானே?"

"நாளைக்குப் பிள்ளைக்குப் பரிச்சைங்க."

"அதுக்காகத்தான் சாமி அடிக்கிறதே. ஊட்டுக்குள்ள போ."

எஸ்டேட்டில் மருந்து அடிக்கத் தெரிந்தவனையும் தெரியாதவனையும் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள். மேலே அடிப்பது யாருக்கும் வரும். அடியில் அடிக்கவேண்டும். ஆகவே பெஞ்சின் மேலும் அடித்து, பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டும் அடித்தார்கள். மேஜைக்கு அடியில், நாற்காலிக்கு அடியில், மாடிப்படிக்கு அடியில், அலமாரியைத் தூக்கி அதற்கு அடியில். வாசற்கதவுக்கு அடியில் எப்படி அடிப்பது என்று தெரியாமல் கதவைக் கழற்றிவிட்டார்கள். சாயங்காலம் வளாகம் முழுக்க மயில் கழுத்து நிறத்தில் காய்ந்து நின்றது. ரைட்டர் அதைப் பார்த்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. இனி நோய் உள்ளே வந்தாலும் உட்கார இடம் கிடையாது!

திங்கட்கிழமை பிறந்தது. ஒரு மாதமாக விலகாத பனி அன்றைக்கென்று பார்த்து விலகி, வெயில் சுள்ளென்று அடித்தது. மருந்து மொரமொரவென்று காய்ந்து பொரிந்து நின்றது. தேர்வுக்கு வந்த மாணவர்கள் உள்ளே போனார்கள். தன் இடத்தைத் தானே துடைத்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. துடைத்தார்கள். நீலத்தூள் புகைமாதிரிக் கிளம்பியது. தூள் படிந்து கறுப்புக் கண்ணாடி மங்கியது. பெஞ்சைத் துடைத்த அதே கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்கள். அப்புறம் கண் எரிந்தது. அதே கைக்குட்டையால் கண்ணையும் துடைத்தார்கள். சற்று நேரத்தில் அந்த அறையில் வெள்ளைக் கண் ஒன்றுகூட இல்லை. என்ன சத்தம் என்று பார்க்க வந்த டைரக்டர் அம்மாளின் கண்ணும் போயிற்று. ரைட்டர் தைரியம் சொல்ல உள்ளே ஓடினார், அவருக்கும் அதே கதி.

லூர்துசெல்வி மட்டும் அங்கே இல்லை. தேர்வுக்கு வேண்டிய செடி கொடிகளைப் பறிக்க விடிந்ததுமே காபிக் காட்டுக்குள் போயிருந்தாள். பறித்த கையோடு ஓடி வந்திருக்கலாம், காபிக் காட்டை ஒட்டித்தான் வகுப்பு. ஆனால் அப்பா போட்ட பாதை விதி ஒன்று இருக்கிறதே? கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடை, ரோடு, ஏரி, கடைவீதி என்று சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சுகாதார அதிகாரி டாக்டர் முகமது யூசுப் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னாலேயே கைப்பையோடு தேர்வாளர். ரைட்டர் இருவரையும் திண்டாட வைக்காமல் முறைப்படி வரவேற்று, மாணவர்களைக் களத்தில் வரிசையாக நிறுத்தி, டாக்டரை அவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, கையில் சவரக் கண்ணாடியைக் கொடுத்தார். டாக்டர் ஒன்றும் புரியாமல் அதைத் தோளுக்கு மேல் தூக்கினார். கண்ணாடி முழுக்கச் சிவந்த கண்கள்.

"என்னங்க இது! திறக்குறதுக்குக் கூப்பிட்டீங்களா, இல்ல வார்டு ஆரம்பிக்கறதுக்கா?"

ஆனால் டாக்டர் கெட்டிக்காரர். திரும்பி நேராகவே பார்த்தார். எல்லோர் கன்னத்திலும் நீலம், சட்டைக் கையில் நீலம், உட்கார்ந்து எழுந்த இடத்தில் அகலமான நீலப் பட்டை. உள்ளே போய்ப் பெஞ்சை விரலால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இது என்ன?"

"மயில்துத்தம், சுண்ணாம்புங்க" என்றார் ரைட்டர், அடக்கமாக. "அடிப்பக்கமும் உட்டு அடிச்சிருக்குதுங்க."

டாக்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், அவருக்கும் பட்டை விழுந்தது. சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"ஏனுங்க, இது நோவே இல்லீங்க. மருந்து பட்ட எரிச்சல். அல்லாரும் கண்ணை நல்ல தண்ணில அலசுங்க, பெஞ்சைக் கழுவித் தள்ளுங்க. இன்னைக்கே திறந்துக்கலாம், நான் எழுதிக் குடுத்தர்றேன்."

எல்லோரும் சந்தோஷமாகக் குழாயைப் பார்த்து ஓடினார்கள். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். சாதாரண ஆளாக இருந்தால் முடிந்திருக்கும்.

"தெறக்க முடியாதுங்க" என்றார் ரைட்டர்.

ஓடினவர்கள் நின்றார்கள்.

"செவந்த கண்ணு ஒண்ணு இருந்தாலும் வளாகம் தெறக்கப்படாதுன்னு விதி இருக்குதுங்க. எதனால செவந்துச்சுன்னு விதியில போடலீங்க."

"விதியை யாரு எழுதுனது?" என்று டாக்டர் கேட்டார்.

"நாந்தானுங்க."

"அப்ப மாத்துங்களே."

"மாத்தோணும்னா குழு கூடோணுமுங்க. குழுவுல அல்லாருக்கும் கண்ணு செவந்து கெடக்குது. செவந்த கண்ணு இருக்கறவங்க கூட்டம் கூடப்படாதுங்க."

டைரக்டர் அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மத்தியானப் பஸ்ஸுக்குள் ஆரம்பிக்காவிட்டால் தாம் கீழே இறங்கிவிடப் போவதாகவும், மறுபடி மலையேறுவது அடுத்த வருஷம்தான் என்றும் சொன்னார்.  அப்போதுதான் லூர்துசெல்வி வேர்க்க விறுவிறுக்கக் கூடையோடு வந்து சேர்ந்தாள். என்ன நடக்கிறது என்று தோழிகள் சொன்னார்கள். அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று.

"அப்பா."

ரைட்டர் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதைப் படித்துவிட்டு மனிதனுக்கு ஈரமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிமிஷம் அவருடைய நெஞ்சு வெடித்துக்கொண்டிருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு, இந்த பங்களா ஜன்னல் வழியாகத்தான் கரும்பலகையைக் காட்டியிருக்கிறார். இப்போது அதே பிள்ளையின் வருஷத்தைத் தம் வாயால் அழிக்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

"உனக்காக விதியை ஒடைச்சா, ரைட்டரு மவளுக்குன்னா ஒரு நாயம்னு ஊரு பேசாதா கண்ணு? நான் என்ன பண்ணுவேன் சாமி, சொல்லு" என்று விக்கினார். கண்ணீர் பெருகியது. துத்தத்தில் கண்ணீர் பட்டால் என்ன ஆகும்? கண் இன்னும் சிவந்தது.

லூர்துசெல்வி கூடையைக் கீழே வைத்தாள். டாக்டர் கையிலிருந்த சவரக் கண்ணாடியை வாங்கி அப்பா முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"உங்க கண்ணப் பாருங்கப்பா."

பார்த்தார். இரண்டும் காபிப் பழம்போலப் பழுத்திருந்தன.

"செவந்த கண்ணு இருக்கறவங்க மொதல்ல எங்க போகோணும்னு விதிங்கப்பா?"

ரைட்டரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அழுதுகொண்டிருந்த முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"தனி அறைக்கு!"

அந்தக் கட்டிலில் இதுவரை யாரும் படுக்கவில்லை. அந்த அகப்பையால் யாரும் சோறு வாங்கவில்லை. ஒரு ஏற்பாடு கடைசியில் பயன்படப்போகிறது! ரைட்டர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், விதிப்படி முன்னால் நடந்தார். கிடங்குக்குள் நுழைந்து போர்வையைச் சரிசெய்தார். ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்தார். அகப்பைக் காம்பின் நீளத்தை இன்னொரு தரம் அளந்தார். அப்புறம் மகளைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்.

"வெளியில பூட்டிப்போடு கண்ணு. உள்ள இருக்கறவங்க பாசத்துல விதிய மீறி வெளிய வந்தாலும் வந்திருவாங்க."

"சரிங்கப்பா" என்று லூர்துசெல்வி பூட்டினாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினாள், போகிற பாதையா வருகிற பாதையா என்று பார்க்கவில்லை.

அப்புறம் என்ன? எல்லோரும் கண்ணைக் கழுவினார்கள். பெஞ்சைக் கழுவினார்கள். சின்னன் கதவை மாட்டினார். யாரோ துரையின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். மத்தியானத்துக்கு முன்னாலேயே மணி அடித்தது, பல்கலைக்கழகத்தின் ஏற்காட்டு வளாகம் திறந்தது. டைரக்டர் அம்மாள் முதலிலேயே சொன்னது இவ்வளவுதான் என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தேர்வு நடந்தது. லூர்துசெல்வி வெட்டிக் காட்டிய வேரும் தண்டும் வெகு சுத்தம் என்று தேர்வாளரே சொன்னாராம். மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கிடங்கு ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பெஞ்சுக்குப் பெஞ்சு எடம் உட்டிருக்குதுங்களா?"

"உட்டாச்சுங்க ரைட்டரய்யா!" என்று வளாகமே பதில் சொன்னது.

சாயங்காலம் லூர்துசெல்வி காபித் தம்ளரோடு ஜன்னலுக்கு வந்தாள். ரைட்டர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கண் எப்போதோ வெளுத்துவிட்டது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"பாத்தியா கண்ணு. இத்தன ஏற்பாடு பண்ணலீன்னா இன்னைக்கு வளாகம் தெறந்திருக்குமா?"

"தெறந்திருக்காதுங்கப்பா. நொம்ப நல்ல ஏற்பாடு" என்றாள் லூர்துசெல்வி, மனசாரத்தான் சொன்னாள். மறுநாள் தேர்வில் இன்னொரு பகுதி பாக்கி இருந்தது. அவள் பூட்டைத் திறக்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. நாம் அப்படி இல்லை, நாம் அளவோடுதான் ஏற்பாடு செய்கிறோம் என்று உங்களுக்குத் தோன்றும். ரைட்டருக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். போன தடவை உங்கள் வீட்டில் ஒரு விசேஷம் எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்து முடிந்ததே, அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நீங்கள் அலையாதீர்கள், மேலே போய்க் கொஞ்சம் படுங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று உங்கள் மனைவியும் மக்களும் அவ்வளவு பிரியமாகச் சொல்லி அனுப்பினார்களே, நம்மேல் எவ்வளவு அக்கறை என்று உருகிப்போய் நீங்களும் படுத்தீர்களே, எழுந்து வந்தபோது கதவு உடனே திறந்ததா, கொஞ்சம் தட்டவேண்டி இருந்ததா?